ஹிக்கின்பாதம் என்பது பிரபுக் குலத்தின் பட்டமன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்ணா சாலையின் பழைய வணிக நிறுவனங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். கட்டடங்களைப் பற்றிய பகுதி அருமையாக இருந்தது. ஆனால் ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையைக் குறித்து எழுதும்போது, அந்தப் பெயர் ‘ஹிக்கின் என்னும் பிரபுவுக்குச் சொந்தமான பள்ளத்தாக்கு’ எனப் பொருள்படும் என்றும், இங்கிலாந்தின் பழம்பெரும் நிலவுடைமைக் குடும்பம் ஒன்றின் பட்டம் அது என்றும் கட்டுரையாளர் கூறியிருந்தார். இவ்விரண்டும் சரியல்ல. தென்னிந்திய ரயில் நிலையங்களின் நடைமேடைகளில் தலைமுறை தலைமுறையாக நாம் எழுத்துக்கூட்டிப் படித்துவந்த பெயர் அது. அதன் உண்மையான வரலாறு, கட்டுரையாளர் கற்பனை செய்த பிரபுவின் கதையைவிடப் பன்மடங்கு சுவையானது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கடையைப் பற்றி. வெஸ்லியன் மிஷனரிகள் நடத்திவந்த சிறிய புத்தக நிலையம் நட்டத்தில் தத்தளித்தபோது, அங்கே பணியாற்றிய ஏபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் அதனைக் குறைந்த விலைக்கு வாங்கி 1844இல் தம் பெயரில் நடத்தத் தொடங்கினார். 1875இல் வேல்ஸ் இளவரசர் இந்தியாவுக்கு வந்தபோது அவருக்கு அதிகாரபூர்வப் புத்தக விற்பனையாளர் என்ற தகுதியும், 1888, 1889 ஆகிய ஆண்டுகளில் சென்னையின் ஷெரீப் பதவியும் அவரைத் தேடி வந்தன. மவுண்ட் ரோட்டில் இன்றும் நிற்கும் வெள்ளைக் கட்டடம் 1904ஆம் ஆண்டினது. பின்னர் ஸ்பென்சர் நிறுவனத்தாரின் கைக்குச் சென்ற கடை, 1949இல் அமால்கமேஷன்ஸ் குழுமத்தை அடைந்தது. கப்பலில் திருட்டுத்தனமாக ஏறி வந்தவர் ஏபெல் ஜோஷுவா என்றும், மாலுமிகள் அவரைச் சென்னைத் துறைமுகத்தில் இறக்கிவிட்டார்கள் என்றும் ஒரு செவிவழிக் கதை உண்டு. அதனை நான் சான்றாகக் கொள்ளவில்லை. ஆனால் மிஷனரிகளின் கடையில் சம்பளத்திற்கு வேலை பார்த்த ஒருவரைப் பிரபுக் குலத்தில் சேர்ப்பதற்கு முன் சற்றுத் தயங்கியிருக்கலாம் அல்லவா?

இனிப் பெயருக்கு வருவோம். ஆங்கிலக் குடும்பப் பெயர்களை ஆராய்ந்த அகராதிகள் இதனை ஓர் ஊர்ப்பெயராகவே கொள்கின்றன. பழைய லங்காஷயர் கவுன்டியில் (நம் மாவட்டம் போன்ற பகுதி), இன்று கிரேட்டர் மான்செஸ்டரில் அடங்கிய போல்டன் நகரின் ஓரத்தில், ஓக்கன்பாட்டம் என்றொரு இடம் உண்டு. இப்போது அங்கே வீடுகளும் அப்பெயரைத் தாங்கிய ஒரு சாலையும் இருக்கின்றன. பெயரின் முற்பகுதி ஓக் மரத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்திருக்க வேண்டும் என்றும், பிற்பகுதி பள்ளத்தாக்கின் அகன்ற அடிநிலத்தைக் குறிக்கும் என்றும் ஆய்வாளர்கள் கருதுகின்றனர். இடைக்காலத்தில் அது ஈக்கன்பாட்டம் என்றும் இக்கன்பாட்டம் என்றும் திரிந்தது. அந்தப் பகுதியின் வட்டார வழக்கில், மலைச்சரிவுகளில் சிவந்த கனிக்கொத்துகளுடன் வளரும் ரோவன் மரத்திற்கு ‘ஹிக்கின்’ என்றொரு பெயர் உண்டு. ஓக் மரத்தின் பெயர் மங்கிப்போன நிலையில் மக்கள் தங்களுக்குத் தெரிந்த இந்த மரத்தின் பெயரை அங்கே கேட்கத் தொடங்கினார்கள்; ‘ஹ’ ஒலி முன்னே வந்து ஒட்டிக்கொண்டது. ஆகவே ஹிக்கின் என்ற பெயரில் பிரபு எவரும் அந்தப் பள்ளத்தாக்கில் இருந்ததற்கு இடமில்லை. ரிச்சர்ட் என்பதன் செல்லப்பெயரான ‘ஹிக்’ என்பதிலிருந்து ஹிக்கின்ஸ் என்னும் வேறொரு குடும்பப் பெயர் தோன்றியது உண்மைதான். கட்டுரையாளர் அதனையும் இதனையும் ஒலி ஒற்றுமையைக் கொண்டு இணைத்துவிட்டார் என நினைக்கிறேன்.

ஊர்ப்பெயர் என்றால் அந்த ஊர் அவர்களுக்குச் சொந்தமாக இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணமும் இந்தப் பிழைக்குக் காரணமாக இருக்கலாம். நார்மன் படையெடுப்புக்குப் பின் இங்கிலாந்தில் நிலம் பெற்ற பெர்சி போன்ற பெருங்குடும்பங்கள் தங்கள் பூர்விகப் பண்ணையின் பெயரைத் தாங்கியது உண்டு. ஆனால் பன்னிரண்டாம் நூற்றாண்டுக்கும் பதினான்காம் நூற்றாண்டுக்கும் இடையில் சாதாரண மக்களிடையே குடும்பப் பெயர் படிப்படியாக நிலைபெற்றபோது, ஊர்ப்பெயர் பெரும்பாலும் ஊரைவிட்டு வெளியேறியவருக்கே ஒட்டியது. தஞ்சாவூரில் வாழ்பவரைத் தஞ்சாவூர்க்காரர் என்று யாரும் அழைப்பதில்லை. வேற்றூரில் குடியேறிய பிறகே அவர் தஞ்சாவூர்க்காரர் ஆகிறார். ஓக்கன்பாட்டத்திலிருந்து பிழைப்புக்காகவோ திருமணத்தின் வழியாகவோ வெளியேறிய ஒருவரை அக்கம்பக்கத்தார் அவ்வூரின் பெயரால் அழைத்திருப்பார்கள். வரி எழுதியவர் அதனையே ஏட்டில் எழுதியிருப்பார். லங்காஷயர் போன்ற வட மாவட்டங்களில் இந்த வழக்கம் தெற்கைவிடத் தாமதமாகவே உறுதிப்பட்டது.

இதைப் புரிந்துகொண்டால், இந்தப் பெயரின் பரவலில் முதல் பார்வைக்குப் புதிராகத் தோன்றும் ஒரு செய்தி தெளிவாகிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆவணங்களைப் பார்த்தால், இந்தப் பெயரினர் நெருக்கமாக வாழ்ந்தது போல்டனில் அல்ல. அங்கிருந்து தென்கிழக்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், லங்காஷயர், செஷயர், டெர்பிஷயர் ஆகிய மூன்று கவுன்டிகளும் சந்திக்கும் மலையடிவாரத்தில், ஸ்டாக்போர்ட், மார்ப்பிள், ஹைட், ஆஷ்டன், கிளாசப் ஆகிய ஊர்களைச் சுற்றியே அவர்கள் திரண்டிருந்தனர். பெயர் பிறந்த இடமும் செழித்த இடமும் வெவ்வேறாக இருப்பது, ஊரை விட்டு வந்தவர்களுக்கே அந்தப் பெயர் ஒட்டும் என்ற விதிக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஸ்டாக்போர்ட் நகரின் விரிவான வரலாற்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதியவரின் பெயரும் ஹென்றி ஹெகின்பாதம் என்பதே. அந்த வட்டாரத்தில் இப்பெயரின் இன்னொரு வடிவம் அது.

இப்படிப் பெயர்களின் இருப்பிடத்தைத் தேடும் முயற்சி புதியதன்று. ஹென்றி புரூம் கப்பி என்னும் இயற்கை ஆய்வாளர் 1890இல் பிரிட்டனின் கவுன்டிகள்தோறும் விவசாயிகளின் பெயர்களை வணிகக் கையேடுகளிலிருந்து தொகுத்து, எந்தப் பெயர் எந்த மண்ணுக்கு உரியது எனக் காட்ட முயன்றார். நகரத்து மக்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள், நிலத்தைப் பிடித்திருப்பவர்களோ அவ்வளவாக நகரமாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கில் நியாயம் இருந்தது. இன்று ஆய்வாளர்களுக்கு அதைவிடச் சிறந்த கருவி ஒன்று உண்டு. 1881 ஏப்ரல் 3ஆம் நாள் இரவு யார் யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்பதை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எழுதிய கணக்கெடுப்பு ஏடுகளைத் தன்னார்வலர்கள் வரிக்கு வரி படியெடுத்திருக்கிறார்கள். ஒரு பெயரை எடுத்துக்கொண்டு அந்தத் தொகுப்பில் தேடினால், எந்தப் பதிவு மாவட்டத்தில் அது எவ்வளவு அடர்த்தியாக இருந்தது என்பது தெரிந்துவிடும். ஸ்மித், ஜோன்ஸ் போன்ற பெயர்களுக்கு இந்தத் தேடலால் பெரிய பயன் இல்லை. ஹிக்கின்பாதம் போன்ற அரிய பெயருக்கோ வரைபடமே பாதி வரலாற்றைச் சொல்லிவிடுகிறது.

அங்கே அவர்கள் நிலைத்து நின்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அந்த மலையோடைகளின் கரைகளில் பருத்தி ஆலைகள் எழுந்தன. வேறு மாவட்டங்களில் விவசாயக் கூலிகள் வேலை தேடித் தொலைதூர நகரங்களுக்குப் போக வேண்டியிருந்த காலத்தில், ஸ்டாக்போர்ட்டையும் ஆஷ்டனையும் சுற்றி வாழ்ந்தவர்களுக்கு நடந்து செல்லும் தூரத்திலேயே ஆலை வேலை கிடைத்தது. அதனால் அவர்களுடைய பெயர்கள் நாடெங்கும் சிதறாமல் அந்த மூலையிலேயே பெருகின. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்து நின்று, 1861 முதல் 1865 வரை அந்த நகரங்கள் பட்டினியில் வாடியபோது ஒரு பகுதியினர் கடல் கடந்து குடியேறினார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

அதே வட்டாரத்தில் இதே பிற்பகுதியைக் கொண்ட வேறு பெயர்களும் கொத்தாகக் கிடைக்கின்றன. ராம்ஸ்பாட்டம், வின்டர்பாட்டம், சைட்பாட்டம், ஷஃபிள்பாட்டம் ஆகியவையும், மலைக்கு அப்பால் யார்க்ஷயர் பக்கம் லாங்பாட்டம் என்பதும் இந்த இனத்தைச் சேர்ந்தவை. கிரிக்கெட் ரசிகர்களுக்கு இந்த இனத்தின் இரண்டு பெயர்கள் நன்கு அறிமுகமானவை. இங்கிலாந்து அணிக்கு ஆடிய ஆர்னி சைட்பாட்டமும் அவர் மகன் ரயன் சைட்பாட்டமும் யார்க்ஷயர்க்காரர்கள். செஷயரில் பிறந்த இயன் போத்தமின் பெயரும் அதே பள்ளத்தாக்குச் சொல்லின் இன்னொரு வடிவமே. ஆங்கிலத்தில் ‘பாட்டம்’ என்னும் அந்தச் சொல்லுக்கு உடலின் பின்புறம் என்ற பொருள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில்தான் வழக்கில் வந்தது. அதன் பிறகு இந்தப் பெயரினர் பள்ளியிலும் பணியிடத்திலும் கேலிக்கு ஆளானார்கள். அறுநூறு ஆண்டுகளாக ஒரு மலைப்பள்ளத்தின் நினைவைச் சுமந்துவந்த பெயரை, இருநூறு ஆண்டு வயதுள்ள ஒரு கொச்சை வழக்கைக் கொண்டு எள்ளி நகையாடுவது எனக்கு எப்போதுமே வருத்தம் தருகிறது. ‘பாட்டம்’ என்று முடியும் எழுத்துமுறையை விட்டுப் ‘பாதம்’ என்று முடியும் எழுத்துமுறையைச் சில குடும்பங்கள் விரும்பியதற்கு இந்தக் கேலியும் ஒரு காரணமாக இருந்திருக்கும். ஆனால் அந்த எழுத்துமுறை அதற்கு முன்பே வழக்கில் இருந்தது.

எழுத்துமுறைகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பெயரின் வரலாற்றைச் சொல்ல முடியாது. மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538இல் பிறப்பித்த ஆணைப்படி, ஒவ்வொரு பங்கிலும் (தேவாலய வட்டாரத்திலும்) ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைக் குருமார்கள் ஏட்டில் பதியத் தொடங்கினார்கள். பெயருக்குரியவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். குருவின் காதில் விழுந்ததே எழுத்தாயிற்று. ஆகவே ஹிக்கின்பாதம், ஹிக்கின்பாட்டம், ஹெகின்பாதம், ஹெகின்பாட்டம், ஹிக்கிங்பாதம், ஹெக்கிங்பாட்டம் எனப் பல வடிவங்கள் பிறந்தன. ஒரே குடும்பத்தின் அண்ணனும் தம்பியும் இரு வேறு எழுத்துகளில் பதிவாவது அந்தக் காலத்துப் பங்கு ஏடுகளில் சர்வ சாதாரணம். 1837இல் அரசாங்கப் பதிவுமுறை வந்து, பின்னர் பள்ளிக் கல்வியும் பரவிய பிறகுதான் ஒவ்வொரு வடிவமும் தனித்தனிக் குடும்பப் பெயராக உறைந்தது. எனவே இந்தப் பெயர் எவ்வளவு அரியது என்று கணக்கிடுபவர் ஒரு வடிவத்தை மட்டும் எண்ணினால் தவறான முடிவுக்கே வருவார்.

ஒரு பெயர் அரியதாக இருப்பதனாலேயே அது உயர்குலத்தது என்ற எண்ணமும் கட்டுரையில் தொனித்தது. இதற்கு விடை 1870களிலேயே கிடைத்துவிட்டது. புகழ்பெற்ற குடும்பங்களின் பெயர்கள் ஏன் மறைந்துபோகின்றன என்று ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1873இல் கேள்வி எழுப்பினார். ஹென்றி வில்லியம் வாட்சன் என்னும் பாதிரியார் அதற்குக் கணித வடிவம் கொடுத்தார். பெயர் தந்தை வழியில் மட்டுமே செல்லும்போது, மகன் இல்லாத ஒவ்வொரு தந்தையோடும் ஒரு கிளை முடிகிறது. எந்தச் சிறப்புக் காரணமும் இல்லாமல், வெறும் தற்செயலாலேயே பெரும்பாலான பெயர்கள் சில தலைமுறைகளில் அழிந்துவிடக்கூடும் என்பதை அந்தக் கணக்கு உணர்த்தியது. இடைக்காலத்தில் ஒரே ஒரு குடியானவரிடமோ இரண்டு மூன்று பேரிடமோ தொடங்கிய பெயர் இன்றுவரை பிழைத்திருக்கிறது என்றால், கொள்ளைநோய்களையும் பஞ்சங்களையும் தாண்டி ஏதோ சில வீடுகளில் ஆண் குழந்தைகள் பிழைத்து வளர்ந்தார்கள் என்பதே பொருள். அதில் குலப்பெருமைக்கு வேலையில்லை.

மரபணு ஆய்வும் இதே திசையைக் காட்டுகிறது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங்கும் மார்க் ஜாப்லிங்கும் 40 பிரிட்டிஷ் குடும்பப் பெயர்களைத் தாங்கிய 1,678 ஆண்களின் ஒய் குரோமோசோமை (தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் மரபணுப் பகுதியை) ஆராய்ந்து 2009இல் முடிவுகளை வெளியிட்டனர். (ஒரு வாகன நிறுத்துமிடத்தின் அடியில் கிடைத்த எலும்புகள் மன்னர் மூன்றாம் ரிச்சர்டுடையவை என நிறுவியதில் பெரும்பங்கு வகித்தவரும் இதே டூரி கிங்தான்.) ஸ்மித் போன்ற பெயருடையவர்கள் தங்களுக்குள் எந்த நெருக்கமும் காட்டவில்லை, ஸ்மித் என்றால் கொல்லர், கொல்லர் எல்லா ஊரிலும் இருந்தார் என்பதால் இதில் வியப்பில்லை. அட்டன்பரோ போன்ற அரிய பெயர்களிலோ பெரும்பாலான ஆண்கள் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவர்களாகத் தெரிந்தார்கள். அந்தப் பெயரும் நாட்டிங்ஹாம்ஷயரின் சிற்றூர் ஒன்றின் பெயரே.

ஆனால் இந்த மரபணு முடிவை அளவுக்கு மீறி நம்பி, ஒரே பெயர் என்றால் ஒரே இரத்தம் என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்கு ஹிக்கின்பாதம் என்ற பெயரே சிறந்த எடுத்துக்காட்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஆம்ஹெர்ஸ்ட் கவுன்டிப் பகுதியில், இந்தப் பெயருடைய நிலக்கிழார்கள் குடியேறியிருந்தனர். 1865இல் அடிமைமுறை ஒழிந்தபோது அமெரிக்கத் தென்மாநிலங்களில் விடுதலை பெற்ற கறுப்பின மக்களில் பலர் முன்னாள் உடைமையாளர்களின் குடும்பப் பெயர்களையே தாங்கினார்கள்; வேறு பலர் தாங்களாகவே பெயர் தேர்ந்துகொண்டார்கள். இன்று அமெரிக்காவில் இந்தப் பெயரைத் தாங்கி உலகப் புகழ் பெற்றவர்கள் யாரென்று கேட்டால், ஜார்ஜியாவில் பிறந்த ஜாஸ் இசைக்கலைஞர் ஜே. சி. ஹிக்கின்பாதமையும், நீதிபதி லியான் ஹிக்கின்பாதமையும்தான் முதலில் சொல்ல வேண்டும். இருவரும் கறுப்பினத்தவர்.

நியூ ஜெர்சியின் டிரென்டன் நகரில் 1928இல் பிறந்த நீதிபதி ஹிக்கின்பாதம், பதினாறு வயதில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, கறுப்பின மாணவர்கள் சிலரோடு கணப்பு இல்லாத மாடியறையில் குளிர்காலத்தைக் கழிக்க வேண்டியிருந்தது. வெப்பமுள்ள விடுதியில் இடம் தரக் கோரிப் பல்கலைக்கழகத் தலைவரிடம் சென்றார். அப்படித் தர வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை என்ற பதில் கிடைத்தது. பொறியியலை விட்டுச் சட்டம் படிக்க அவர் முடிவு செய்ததற்கு அந்தப் பதிலே காரணம். பின்னாளில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றின் தலைமை நீதிபதியாக உயர்ந்தார். அமெரிக்கச் சட்டத்தில் அடிமைமுறை எப்படி வேரூன்றியது என்பதை ஆராய்ந்து எழுதினார். 1995இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் சுதந்திரப் பதக்கத்தைப் பெற்றார். லங்காஷயரின் மரம் சூழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்றின் பெயர் இந்த மனிதரை வந்தடைந்த வழியில் அடிமைமுறையின் கொடுமையும் கலந்திருக்கிறது. பிரபுக் குலத்தின் பட்டம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் இந்த வழி முழுவதும் மறைந்துவிடுகிறது. என் வருத்தத்தில் பெரும்பகுதி இதுவே.

ஆஸ்திரேலியாவிலும் இந்தப் பெயருக்குக் கௌரவமான இடம் உண்டு. ஒரு ‘ஜி’ குறைத்து எழுதும் வடிவத்தைத் தாங்கிய ஜார்ஜ் ஹிகின்பாதம் 1826இல் டப்ளினில் பிறந்து, மெல்பர்ன் சென்று, 1886இல் விக்டோரியாவின் தலைமை நீதிபதியானார். தமக்கு அளிக்க முன்வந்த சர் பட்டத்தை மறுத்தவர் அவர். 1890இல் கப்பல் தொழிலாளர்களின் பெரும் வேலைநிறுத்தம் நடந்தபோது, பதவியில் இருந்துகொண்டே தொழிலாளர் நிதிக்கு 50 பவுன் அனுப்பி, முதலாளிகள் பேச்சுக்கு வரும்வரை வாரந்தோறும் 10 பவுன் தருவதாக எழுதினார். இன்றும் மெல்பர்னில் அவருக்குச் சிலை இருக்கிறது. 1893ஆம் ஆண்டின் சிகாகோ உலகக் கண்காட்சியின் தலைவராக இருந்த ஹார்லோ ஹிகின்பாதமும் இதே எழுத்துமுறையைக் கொண்டவர். சுவாமி விவேகானந்தர் உரையாற்றிய சர்வசமயப் பேரவை அந்தக் கண்காட்சியை ஒட்டியே கூடியது என்பது தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்ததே.

கட்டுரையுடன் வெளியான குலச்சின்னப் படத்தைப் பற்றியும் ஒரு சொல். கேடயமும் இலைக்கொடியும் வரைந்த அந்தப் படத்தை ‘ஹிக்கின்பாதம் குடும்பச் சின்னம்’ என்று குறிப்பிட்டிருந்தீர்கள். ஆங்கிலச் சட்ட மரபில் குடும்பப் பெயருக்கென்று சின்னம் கிடையாது. 1484இல் அரச சாசனம் பெற்ற காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் என்னும் அமைப்பு, குறிப்பிட்ட ஒருவருக்கும் அவருடைய நேர் வாரிசுகளுக்கும் மட்டுமே சின்னத்தை வழங்குகிறது. ஒரே பெயர் கொண்ட மற்றவர்களுக்கு அதில் உரிமையில்லை. சுற்றுலாக் கடைகளில் குடும்பப் பெயரைச் சொன்னால் அச்சடித்துத் தரும் சின்னங்களுக்கு வரலாற்று மதிப்பு எதுவும் கிடையாது. அப்படியொரு படத்தை மதிப்புமிக்க நாளிதழ் வெளியிட்டால் பள்ளி மாணவர்கள் அதனை உண்மையென நம்பித் தங்கள் செயல்திட்ட ஏடுகளில் ஒட்டுவார்கள்.

தாங்கள் இத்தொடரை நூலாக வெளியிடப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அச்சுக்குப் போகும் முன், ஹிக்கின் பிரபுவைப் பற்றிய வரியையும் குலச்சின்னப் படத்தையும் நீக்கிவிட்டு, போல்டனுக்கு அருகிலுள்ள ஓக்கன்பாட்டத்தையும், ஸ்டாக்போர்ட்டைச் சுற்றிய மலையடிவார ஊர்களையும் காட்டும் சிறிய வரைபடம் ஒன்றை அங்கே சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஸ்பென்சர், பின்னி ஆகிய பெயர்களைப் பற்றிய அத்தியாயங்களிலும் பெயரின் பொருளை மட்டும் நம்பாமல், அந்தப் பெயரினர் எந்த வட்டாரத்தில் வாழ்ந்தார்கள் என்பதைச் சரிபார்த்த பிறகே எழுதச் சொல்லுங்கள். கட்டுரையாளரின் உழைப்பின் மீது எனக்கு மதிப்பு உண்டு. அந்த உழைப்பு பிழையின்றி நூலாக வேண்டும் என்பதே என் விருப்பம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி